சிங்கி காலில் விரியன்: ஆங்கில வகுப்பின் அணிகளும் குற்றாலமும்

தென்காசிப் பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கில நோட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். ‘லைக்’, ‘ஆஸ்’ வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். உயிரில்லாதது பேசினால் பெர்சானிஃபிகேஷன். அளவுக்கு மீறிச் சொன்னால் ஹைப்பர்போலி. ஒரே எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் தொடங்கினால் அலிட்டரேஷன். பக்கத்திலேயே உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, மோனை என்று தமிழ்ப் பெயர்கள் நேருக்கு நேர். நாலு வரி கொடுத்து இதில் வந்துள்ள அணி எது என்று கேட்கும் கேள்விக்கு இந்தப் பட்டியல் போதும். மார்க் விழுந்துவிடும். கவிதை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

பட்டியலைக் குறை சொல்வது சுலபம். ஆனால் தமிழ்ப் பெயரைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் அந்தக் கை சரியான திசையில்தான் போகிறது. ஆங்கில அணிகளைத் தமிழ் அணிகள் வழியாகப் பிடிக்க முடியும். என்ன, இரண்டும் ஒட்டும் இடங்களைவிட ஒட்டாத இடங்களில்தான் படிக்க நிறைய இருக்கிறது. பட்டியல் அந்த இடங்களையெல்லாம் ஒரு சமக்குறி போட்டு மூடிவிடுகிறது. அதே ஆண்டின் தமிழ்ப் பாடநூலில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இருக்கிறது. தமிழ் பீரியடில் அதைப் படித்துவிட்டு, மணி அடித்ததும் ஆங்கில பீரியடில் வேர்ட்ஸ்வொர்த்தையும் எலியட்டையும் படிக்கும் பிள்ளைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆள் இல்லை.

இந்தக் கலைச்சொற்கள் ஆங்கிலேயருக்கே அந்நியச் சரக்குதான். பெரும்பாலானவை கிரேக்கம், மேடையில் பேசி வழக்கில் ஜெயிப்பதற்காக கிரேக்கரும் ரோமரும் வகுத்தவை. 1589-இல் ஜார்ஜ் பட்டன்ஹாம் என்பவர் ஆங்கிலக் கவிதைக்கலை பற்றி ஒரு நூல் போட்டபோது, வாசகர் மிரண்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு கிரேக்கப் பெயருக்கும் ஒரு நாட்டுப் பெயர் வைத்துப் பார்த்தார். ஐரனிக்கு ‘வறட்டுக் கேலி’ என்று பொருள்படும் ஒரு பெயர்; ஹைப்பர்போலிக்கு ‘உரக்கப் பொய் சொல்பவன்’. எவ்வளவு நல்ல பெயர்கள்! ஒன்றும் நிற்கவில்லை. கிரேக்கமே நின்றது. ஆகவே ஆனமட்டோபியா என்ற சொல்லை எழுத்துக்கூட்டத் திணறும் தென்காசிப் பக்கத்து இலஞ்சிப் பையனுக்கு லண்டன் பையனும் கூட்டாளிதான்.

நம் பக்கம் கதை வேறு. தொல்காப்பியத்தின் உவமவியல் ஒப்புமைக்கு நான்கு அடிப்படை சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், பயன், வடிவம், நிறம். பின்னால் வடமொழியில் தண்டி எழுதிய காவியாதர்சத்தைத் தழுவித் தண்டியலங்காரம் வந்தது. தன்மை தொடங்கிப் பாவிகம் வரை 35 பொருளணிகள். அந்தத் தண்டியே காஞ்சிபுரத்துக்காரர் என்பார்கள். தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரியில், 16-ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் மாறனலங்காரம் எழுதி அணிகளின் எண்ணிக்கையை 64-க்குக் கொண்டுபோனார். அணிகளை எண்ணிப் பெயரிடும் ஆசையில் நெல்லைச் சீமை யாருக்கும் பின்தங்கியதில்லை.

குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரையே எடுத்துக்கொள்ளலாம். 18-ஆம் நூற்றாண்டுக்காரர். குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு விட்ட நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. அவருடைய மற்ற நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: குற்றாலச் சிலேடை வெண்பா, யமக அந்தாதி, வெண்பா அந்தாதி. நூலின் தலைப்பிலேயே அணியின் பெயர். ஆங்கில வகுப்பில் ‘பன்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடும் சிலேடையை, ஒவ்வொரு வெண்பாவிலும் வைத்து ஒரு முழு நூல் செய்திருக்கிறார் மனிதர். ஒரு தொடரின் கடைசிச் சொல் அடுத்த தொடருக்கு முதற்சொல்லாவதை ஆங்கிலத்தில் அனடிப்ளோசிஸ் என்பார்கள். அங்கே அது பேச்சாளர் எப்போதாவது கையாளும் உத்தி. இங்கே அந்தாதி என்று ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது.

இனிப் பட்டியலுக்கு வருவோம்.

‘லைக் வந்தால் சிமிலி’ என்பதே முதல் சறுக்கல். ‘அவன் அண்ணனைப் போல உயரம்’ என்பதில் ‘போல’ இருக்கிறது. ஆனால் அணி இல்லை. ஆளை ஆளோடு அளந்து பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். வேறு வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு பொருள்கள் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் புள்ளி என்று கேட்கத்தான் தொல்காப்பியத்தின் நான்கு சொற்கள். பிளஸ் டூ பாடத்தில் தோரு தத் தன் வீட்டுச் சவுக்கு மரத்தைப் பாடும்போது, அதைச் சுற்றி ஏறும் கொடியை மலைப்பாம்புக்கு ஒப்பிடுகிறார். வடிவமும் ஒக்கும், இறுக்கிப் பின்னும் செயலும் ஒக்கும். மெய்யும் வினையும் சேர்ந்த உவமை. கேப்ரியல் ஒக்காரா, மனிதர்கள் முகங்களை உடை மாற்றுவது போல மாற்றப் பழகிவிட்டதைச் சொல்கிறார். அங்கே வடிவமும் இல்லை நிறமும் இல்லை, வினை மட்டும். ‘சிமிலி’ என்று எழுதி அடிக்கோடிடுவதோடு இந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டால் பிள்ளை கவிதைக்குள் வந்துவிடும்.

மோனையும் அலிட்டரேஷனும் ஒன்றுதான் என்று எல்லா நோட்டிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கணக்கு ஓசைக்கு, எழுத்துக்கு அல்ல. நகரத்தைக் குறிக்கும் ‘சிட்டி’யும் பூனையைக் குறிக்கும் ‘கேட்’டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஓசை ஒட்டாது. இரவைக் குறிக்கும் ‘நைட்’டும் குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’டும் வேறு வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஒட்டும். எழுத்தைப் பார்த்து வட்டம் போடும் மாணவர் இங்கே தவறுகிறார். மோனைக்கு விதி வேறு: சகரத்துக்குத் தகரம் இனம், மகரத்துக்கு வகரம் இனம், ஞகரத்துக்கு நகரம் இனம். எந்தச் சீரில் வருகிறது என்பதற்கும் பெயர் உண்டு. எதுகை போலச் சொல்லின் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கு அடி நடக்கும் ஏற்பாடு ஆங்கிலத்தில் இல்லை. அவர்களுடைய ரைம் நம் இயைபுக்குத்தான் பக்கம்.

இன்னொன்றும் உண்டு. மோனை நமக்கு அணியே அல்ல, தொடை. யாப்பில் வருவது. அதில்லாமல் பாட்டு கட்டி நிற்காது என்கிற இடத்தில் இருப்பது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பேயோவுல்ஃப் காப்பியக் காலத்துப் பழைய ஆங்கிலப் பாட்டை, அடிக்குள் ஒத்த முதலோசைதான் கட்டி நிறுத்தியது. அடிக் கடைசி ரைம் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. இன்றைய வகுப்பு அலிட்டரேஷனை வெறும் அலங்காரம் என்கிறது. தமிழ்ப் பிள்ளை அதை நம்ப வேண்டியதில்லை.

ஆங்கில வகுப்பு ஒரே கூடையில் போட்டுத் தருவதைத் தமிழ் நான்கு இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். உவமை அணியில். மோனை யாப்பில். ‘மூட்’, ‘டோன்’ என்று அவர்கள் சொல்வதற்கு அருகில் வரும் மெய்ப்பாடுகள் எட்டும் பொருளதிகாரத்தில். ஆகுபெயரோ சொல்லிலக்கணத்தில். மெட்டானமி, சினெக்டகி என்ற இரண்டையும் எத்தனை முறை சொன்னாலும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று ஆங்கில ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ‘பார்டருக்குப் போவமா?’ என்று ஒரு தென்காசிக்காரர் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டால், மாநில எல்லையைப் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். செங்கோட்டை பக்கத்தில் பிரானூர் பார்டர், அங்கே பரோட்டாவும் கோழியும். இடத்தின் பெயர் சாப்பாட்டுக்கு ஆகிவந்தது; இடவாகுபெயர்; மெட்டானமி. ‘வீட்ல நாலு தலை இருக்கு, எண்ணி வாங்கு’ என்றால் உறுப்பின் பெயர் ஆளுக்கு ஆனது, சினையாகுபெயர், சினெக்டகி. இதைப் போய் லத்தீன் கிரேக்கம் என்று பயமுறுத்துவானேன்? இது கவிஞர் பூட்டும் நகை அல்ல, எல்லாரும் பேசும் பேச்சின் இயல்பு என்று கண்டுதான் நம் இலக்கணிகள் ஆகுபெயரை அணியில் வைக்காமல் சொல்லில் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரனிக்கு வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதுவது மூன்றில் ஒரு பங்குதான் சரி. புகழ்வது போல் பழிப்பதும் பழிப்பது போல் புகழ்வதும் சொல்லில் வரும் ஐரனி. வேலைவெட்டி இல்லாமல் திண்ணையில் சாய்ந்திருப்பவனைப் பார்த்து, ‘ஜமீன்தார் எந்திரிச்சாச்சா?’ என்பது அது. நெல்லைப் பேச்சில் இதற்குப் பஞ்சமே இல்லை. நிகழ்ச்சியில் வரும் ஐரனி வேறு. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து குற்றாலத்துக்கு வந்து இறங்குகிறார்கள். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை. தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் கூடிப்போய்க் குளிக்க முடியவில்லை. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை; நடப்பே கேலி செய்கிறது. இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயர் பொருந்தாது. மேடையில் நிற்பவனுக்குத் தெரியாதது பார்ப்பவனுக்குத் தெரிந்திருப்பது மூன்றாவது வகை. அது நாடகத்துக்கு உரியது. குறவஞ்சியும் நாடகம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

பெர்சானிஃபிகேஷனில் தலைகீழ்ச் சிக்கல். தமிழில் நுட்பமாகப் பிரித்ததை ஆங்கில வகுப்பு ஒன்றாகக் குழைக்கிறது. பத்தாம் வகுப்பில் கிப்ளிங்கின் இயந்திரங்கள் தாங்களே வாய் திறந்து தங்கள் பெருமையைப் பேசுகின்றன. கேளாதது கேட்பதாகவும் பேசாதது பேசுவதாகவும் சொல்லும் வழக்குக்கு நன்னூலே இடம் கொடுக்கிறது. தற்குறிப்பேற்றம் அதுவல்ல. இயல்பாக நடப்பது ஒன்று. அதற்குக் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிக் காரணம் சொல்வது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடின. கோவலனை வராதே என்று கைகாட்டித் தடுத்தன என்றார் இளங்கோ. பிளஸ் ஒன் ஆங்கிலப் பாடத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் இளவேனில் கவிதை முழுக்க இதுதான். துளிர்கள் காற்றில் விரிகின்றன, பறவைகள் தத்துகின்றன; இவற்றுக்கெல்லாம் இன்பம் இருக்கிறது என்று அவர் ஏற்றிச் சொல்கிறார். ஏற்றிச் சொல்வது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு பூவும் தான் சுவாசிக்கும் காற்றை அனுபவிக்கிறது என்பது தன் நம்பிக்கை என்றே எழுதுகிறார். கோனார் உரை பாணியில் ‘பூ மனிதனாக உருவகப்படுத்தப்பட்டது’ என்று விடை எழுதினால் அந்த ‘தன் நம்பிக்கை’ காணாமல் போகிறது. கவிதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது: மனிதன் மனிதனுக்குச் செய்ததை நினைத்து நொந்துபோன ஒருவர், பூவுக்காவது இன்பம் இருக்கட்டும் என்று அதை ஏற்றிவிடுகிறார். ஜான் ரஸ்கின் 1856-இல் இந்த மாதிரி ஏற்றலுக்கு ‘பத்தெட்டிக் ஃபாலசி’ என்று பெயர் வைத்தார். அதில் குறைசொல்லும் தொனி கொஞ்சம் தூக்கல். நம் பெயரில் அது இல்லை.

அப்பாஸ்ட்ரஃபி என்றால் பிள்ளைகளுக்குச் சொல்லுக்கு மேலே போடும் சின்ன வளைவுக்குறிதான் தெரியும். நீதிபதியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பேச்சாளர் சட்டென்று திரும்பி, அங்கே இல்லாத ஒருவரையோ ஒரு பொருளையோ விளிப்பதற்கும் அதே பெயர். குறவஞ்சியில் குற்றாலநாதர் மேல் காதல் கொண்ட வசந்தவல்லி நிலவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஷேக்ஸ்பியரில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். தோழியர் பக்கத்தில் இருக்க, அவள் முகம் வானத்தைப் பார்த்துத் திரும்புகிறது.

மேடைப்பேச்சின் மூன்று தூண்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்ன எத்தாஸ், பேத்தாஸ், லோகாஸ் மூன்றுக்கும் குறவஞ்சியின் குறத்தி சிங்கியிடமே போகலாம். சிங்கி வந்த உடனே கையைப் பிடித்துக் குறி சொல்லிவிடுவதில்லை. முதலில் தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள். பிறகு எந்தெந்தச் சீமையில் யார் யாருக்குக் குறி சொல்லி என்னென்ன பரிசு வாங்கினாள் என்று அடுக்குகிறாள். என்னை நம்பலாம் என்பதை நிறுவுகிறாள், அதுதான் எத்தாஸ். கை ரேகையையும் சகுனத்தையும் காட்டி இன்னதனால் இன்னது என்பது லோகாஸ். இது காதல் என்று வசந்தவல்லி சொல்லாததைச் சொல்லி நெஞ்சைத் தொடுவது பேத்தாஸ். விளம்பரக்காரர்களும் வேட்பாளர்களும் இன்றும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள்.

ஹைப்பர்போலிக்கு வருகிறேன். சிங்கி தன் மலையைப் பாடும் பாட்டில் ஒரு காட்சி: தேனருவியின் அலை எழும்பி வானத்து வழியிலேயே வழிந்து ஓடுகிறது; அந்த ஈரத்தில் சூரியனுடைய குதிரையின் காலும் தேரின் காலும் வழுக்குகின்றன. உயர்வு நவிற்சி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் நின்று பார்த்தால், பொய்க்குள் ஒரு மெய் இருக்கிறது. குற்றாலத்தில் பாறை வழுக்கும். செண்பகாதேவிக்கு மேலே ஏறிப் போனவர்களுக்கும், ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்த காலோடு நின்றவர்களுக்கும் தெரியும். ஊரில் எவனுக்கும் தெரிந்த அந்த வழுக்கலை அப்படியே வைத்துக்கொண்டு, வழுக்குகிற ஆளை மட்டும் சூரியனாக மாற்றிவிட்டார் கவிராயர். கூடவே, ‘கால்’ என்ற ஒரே சொல் குதிரைக்கு உறுப்பாகவும் தேருக்குச் சக்கரமாகவும் நிற்கிறது. எலியட்டின் மெக்காவிட்டிப் பூனையும் இப்படித்தான்: புவியீர்ப்பு விதியையே மீறும் என்கிறார். சட்டத்தை மீறுகிறவன் எந்தச் சட்டத்தையும் மீறுவான் என்ற நையாண்டிதான் அந்த மிகையைத் தாங்குகிறது. சும்மா பெரிதாக்கினால் அது அளப்பு. எதைப் பெரிதாக்காமல் விட்டார்கள் என்று கேட்டால்தான் ஹைப்பர்போலி பிடிபடும்.

இவ்வளவு பெயர்கள் எதற்கு என்று கேட்டிருக்கக்கூடியவர் குற்றாலத்திலேயே வாழ்ந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும் பிறகு குற்றாலத்து வீடுமாக, 1954-இல் மறையும் வரை, கவிதையைச் சொல்லிச் சொல்லியே புரியவைத்தவர். ராஜாஜியும் கல்கியும் அந்தப் பேச்சைக் கேட்கக் குற்றாலம் வந்தார்கள். பாட்டுக்கு உருவமும் பாவமும் முக்கியம், இலக்கணப் பண்டிதம் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. பாதி ஒப்புக்கொள்ளலாம். வாய்விட்டுப் படிக்காத பாட்டில் அணியைத் தேடுவது வீண்வேலை. ஆனால் டி.கே.சி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தராத நாற்பது பேர் வகுப்புக்கு, கேட்டதைத் திரும்பப் பேசிக்கொள்ள ஏதாவது பெயர்கள் வேண்டியிருக்கின்றன. சுவை தெரிந்த மனிதர் பெயர்களைத் தூக்கி எறியலாம். சுவைக்கத் தொடங்குகிறவருக்கு அவை பிடிமானம். வரிசை மட்டும் மாற வேண்டும். முதலில் பாட்டு, பிறகு ‘இங்கே என்ன நடக்கிறது’, அதற்கும் பிறகு பெயர்.

அந்த வரிசையில் சோதித்துப் பார்க்கக் குறவஞ்சியின் கடைசிப் பகுதி வசதியானது. இரண்டு பிள்ளைகளை நிறுத்திப் படிக்கச் சொல்லலாம். ஒருவர் சிங்கன், ஒருவர் சிங்கி. சொல்லாமல் கொள்ளாமல் போன மனைவியைத் தேடி அலைந்து கண்டுபிடித்த வேட்டைக்காரன், அவள் உடம்பில் புதிது புதிதாக ஏதேதோ மின்னுவதைப் பார்க்கிறான். காலில் பெரிய விரியன் பாம்பு கடித்துக்கொண்டு கிடப்பது ஏன் என்று கேட்கிறான். குறி சொன்னதற்குச் சேலம் பக்கத்தில் கொடுத்த சிலம்பு என்கிறாள். அந்தச் சிலம்புக்கு மேலே திருகித் திருகி இருப்பது என்ன என்று அடுத்த கேள்வி. இப்படியே காலிலிருந்து மேலே ஏறுகிறது உரையாடல்.

படித்து முடித்ததும் பெயர்கள் தாமாக வரும். ஓரிரு அடிக்குக் கேள்வி, ஓரிரு அடிக்குப் பதில் என்று வெட்டி வெட்டிப் போவதற்கு கிரேக்க நாடகத்தில் ஸ்டிகோமிதியா என்பார்கள். அவள் பதிலில் வந்த சிலம்பைப் பிடித்துக்கொண்டே அவன் அடுத்த கேள்வி எழுகிறது. அந்தாதியின் சாயல், அனடிப்ளோசிஸின் சாயல். அவள் எப்படிச் சம்பாதித்தாள் என்று நமக்குத் தெரியும், குறி சொன்னதைக் கூடவே இருந்து பார்த்தோம். அவனுக்குத் தெரியாது, சந்தேகப்படுகிறான். இது நாடக ஐரனி. காட்டில் பாம்பும் பறவையும் பார்த்துப் பழகிய கண் நகையைப் பார்த்தாலும் பாம்பைத்தான் பார்க்கும் என்பதால், ஆளின் குணமும் தொழிலும் அவன் ஒப்புமையிலேயே வெளிப்படுகின்றன.

அப்படியானால் அந்த விரியன் என்ன அணி? ‘போல’ இல்லை, ஆகவே மெட்டஃபர் என்று பட்டியல் சொல்லும். கவிராயர் பக்கம் நின்றால் உருவகம் என்று ஒப்புக்கொள்ளலாம். சிங்கன் பக்கம் நின்றால்? சிலம்பையே அறியாதவன் அதைப் பாம்பென்றே நினைத்துவிட்டான் என்றால், ஒன்றை இன்னொன்றாக எண்ணி மயங்குவதற்குத் தமிழில் மயக்க அணி என்று தனிப்பெயர் இருக்கிறது. ஆங்கில வகுப்புப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. இல்லை, அவனுக்கு எல்லாம் தெரியும், யார் கொடுத்தது என்று நேரே கேட்காமல் குத்தலாகக் கேட்கிறான் என்று வைத்துக்கொண்டால் அது மூன்றாவது விடை. சிங்கனாகப் படிக்கும் பையன் அந்தக் கேள்வியைப் பயந்து கேட்கிறானா, சிரித்துக்கொண்டு கேட்கிறானா, முறைத்துக்கொண்டு கேட்கிறானா என்பதை வைத்து வகுப்பு மூன்றாகப் பிரியும். மூன்று கட்சிக்கும் பாட்டில் ஆதாரம் காட்டலாம்.